கொக்கு நிலை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிற காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. அது பாட்டுக்கு வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை மேய்க்கிற வேலை பெனிலாவுக்கு. காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அறையில் இரவெல்லாம் திரைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். நாற்காலியில் கிடக்கிற அண்ணன் சஜினுக்குக் கஞ்சி ஊட்டுவாள். அவனை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள்.

ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவளுக்கு முழுத் தூக்கம் எங்கே வாய்க்கும்? மீன்காரியின் கூவலும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கனவுக்குள் வந்து வந்து போகும். அந்த அரைகுறைத் தூக்கத்தில்தான் பெனிலா ஒரு மனிதனை அடிப்பதற்குக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கற்றுக்கொடுத்தது நெற்றியில் கட்டிக்கொள்கிற ஒரு பட்டை. தலைமுடி ரிப்பன் அகலம்தான் இருக்கும். 'துயில்களம்' என்று ஒரு கோயம்புத்தூர் கம்பெனி விற்றது. அடிமுறை என்கிற சண்டைக்கலை தெரிந்த யாரோ ஒருவர் அடித்தும் தடுத்தும் ஆடும்போது அவர் நரம்புகளில் என்னென்ன ஓடியதோ அதையெல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள். நீங்கள் தூங்கும்போது அது உங்கள் நரம்புகளில் ஓடும். ஆசானுக்குத் தட்சிணை வைக்க வேண்டாம், களரி மண்ணில் புரள வேண்டாம், வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் தூங்கி எழுந்தால் போதும், கையும் காலும் தானாகப் பேசும் என்றது விளம்பரம். அது பொய்யும் சொல்லவில்லை.

கனவு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். செம்மண் தரை, நல்லெண்ணெய் வாசனை, கூரை இடுக்கு வழியாக விழுகிற வெயில். அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிடுவாள். குனிகிற முதுகு அவளுடையதாக இருக்காது, அகலமாகக் கனமாக இருக்கும். எதிரே ஒருவன் நிற்பான். அவனுக்கு முகம் கிடையாது. யாரென்று தெரியக் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் அழித்திருந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. பிறகு கால்கள் நகரும். அந்தக் காலெடுப்புகளுக்குச் சுவடு என்று பெயர். இடது முழங்கால் மட்டும் ஒவ்வொரு சுவடுக்கும் லேசாகப் பிடித்து விடும். அடி, தடுப்பு, பிடி, அடி என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். நடுவில் மூச்சுவிட இடமிருக்காது. எல்லாம் முடிந்ததும் அந்த உடம்பு வலது உள்ளங்கையை இடுப்பில் இரண்டு தரம் துடைத்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் செம்மண், நல்லெண்ணெய், வெயில்.

விழிக்கும்போது கடலில் குளித்துவிட்டு வந்தவள் போல உடம்பு மிதக்கும். சுவர்கள் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும். இந்தச் சுகம் தனக்குப் பிடித்திருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடிக்கப் போகிறவளுக்குச் சுகம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அடிக்க வேண்டிய ஆளின் பெயர் ரெதீஷ். பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அவனுக்கும் சஜினுக்கும் முன்விரோதம் கிடையாது, ஜென்மத்தில் பார்த்தது கூடக் கிடையாது. ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் சஜின் பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டான். அவ்வளவுதான். ரெதீஷ் திரும்பினான். திரும்பும்போதே கை சஜினின் பிடரிக்குக் கீழே இறங்கியது. மரம் மாதிரி இருந்த மனிதன் வாழைத்தண்டாகச் சரிந்தான். அதோடு வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மற்றவர்கள் பேசுவதும் அவனுக்குள் போய்ச் சேரவில்லை. ஆமாம் என்றால் கண்ணைச் சிமிட்டு, இல்லை என்றால் சும்மா இரு என்று சொல்லிப் பார்த்தார்கள். "பேச்சுங்கிறதே அவருக்கு இப்ப வெறும் சத்தம்தாம்மா" என்றுவிட்டார் டாக்டர். இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

கோர்ட்டில் ரெதீஷ் சொன்னதை பெனிலா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள்.

"நான் அடிக்கல சாரே. கை அடிச்சுது."

அவன் நெற்றிப்பட்டை போட்டுத் தூங்கிக் கற்றவன். அவன் வக்கீல் எழுந்து, "முன்பின் தெரியாத ஆளோட தோளை இவர் எதுக்குத் தொட்டார்? அதுக்கு யாராவது பதில் சொல்லட்டும்" என்றார். பதில் சொல்ல வேண்டியவன் நாற்காலியில் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தான். தூக்கத்தில் கற்ற கை செய்ததற்கு விழித்திருக்கிற ஆளைத் தண்டிக்கலாமா என்று சட்டத்துக்கே குழப்பம். கம்பெனி, பட்டை விற்கிற பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்று சொல்லி ரெதீஷை விட்டுவிட்டார்கள்.

"கை அடிச்சுதாமே! கை என்ன, தனியா டிக்கெட் எடுத்து பஸ்ஸுல வந்துதா?" என்று கோர்ட் வாசலில் நின்று கத்தினாள் பெனிலா. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். அதே பட்டையை வாங்குவது, அதே அடியைப் படிப்பது, அவன் பிடரியில் இறக்குவது, அதே கோர்ட்டில் நின்று "கை அடிச்சுது" என்பது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே!

அதற்குள் ஊரே மாறிப் போயிருந்தது. பட்டை போட்டவர்கள் மணிக்கட்டில் நீல நூல் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பார்த்தால் டீக்கடையில் பாதிப் பேர் நீல நூல். யாரும் யார் முதுகிலும் தட்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் தூரத்திலேயே இருமிக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீடுகளில் கட்டிப் பிடிப்பது நின்று போயிற்று. "மாமாவுக்குப் பின்னால ஓடாத மக்களே, முன்னால வந்து நின்னு கூப்பிடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பயம் போவதற்கென்று வாங்கிய சாமான், ஆளுக்கு ஆள் பயப்பட வைத்துவிட்டது. பெனிலாவும் நீல நூல் கட்டினாள். கட்டுப்பாட்டு அறையில் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு டீ கொடுக்கும்போது மேசையைச் சுற்றி முன்பக்கமாக வந்தார்கள்.

ஒரு நாள் மதியம் தூங்கி எழுந்து, மிதக்கிற உடம்போடு அண்ணனுக்கு மருந்து கொடுக்க வந்தாள். முக்காலி விளிம்பிலிருந்து தம்ளர் சரிந்தது. அவள் நினைப்பதற்கு முன்னால் கால் ஒரு சுவடு எடுத்தது. இடது முழங்கால் லேசாகப் பிடித்து விட்டது. தம்ளர் சிந்தாமல் கைக்குள் இருந்தது. அதை வைத்துவிட்டு உள்ளங்கையை இடுப்பில் இரண்டு தரம் துடைத்தாள்.

சஜினின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெனிலா திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் அவளுடைய கையிலேயே இருந்தன. அவனுடைய இடது கை நாற்காலிக் கையின் மேல் மெதுவாக நகர்ந்தது. உள்ளங்கையைத் துடைத்தது. மறுபடியும் துடைத்தது.

பெனிலா தன் உள்ளங்கையையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கால் பிசகியது யாருக்கு? களரியிலிருந்து வந்ததும், சாப்பிட்டு முடித்ததும், சண்டை போட்டு முடித்ததும் கையை இடுப்பில் துடைத்துத் துடைத்து அம்மாவிடம் வசவு வாங்கியது யார்? ஒரு வருஷம் கோயம்புத்தூரில் ஜிம்மில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனானே, அது எந்த ஜிம்?

"அண்ணே" என்று அவன் காலடியில் உட்கார்ந்தாள். "நான் தினமும் போட்டுட்டு உறங்குகது ஒனக்க உடம்பையா? அந்த முதுகு ஒனக்கதா?"

சொல் அவனுக்குள் போகவில்லை. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பெனிலாவும் வாய்விட்டு அழுதாள். பேசவும் நடக்கவும் முடியாமல் போன அண்ணனோடு தினமும் தூக்கத்தில் தான் ஓடி ஆடிக்கொண்டிருந்தது அவளுக்கு அழுகையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

துயில்களத்துக்குப் போன் போட்டு, இவர் அவர் என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் கோகுலப்ரியா என்று ஒரு பொறியாளர் கிடைத்தாள். பதிவுகளைத் திருத்துகிற வேலை அவளுக்கு. பதிவில் இருப்பது சஜின்தானா என்று பெனிலா கேட்டாள்.

"அந்தப் பேரை நீங்க சொல்லக் கூடாதுங்க, நானும் கேக்கக் கூடாதுங்க. ஒப்பந்தம் அப்படி."

"ஒப்பந்தத்தத் தூக்கி அடுப்புல போடுங்க. எனக்க அண்ணனா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "அவரு நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டாள்.

பெனிலா சொன்னாள். பஸ் ஸ்டாண்டைச் சொன்னாள், நாற்காலியைச் சொன்னாள், கை அடிச்சுது என்று ஒருத்தன் சொன்னதையும் சொன்னாள். கோகுலப்ரியா அழுவது கேட்டது.

"அவரு முக்காவாசி நேரம் சும்மா நின்னுட்டே இருந்தாருங்க" என்றாள் கடைசியில். "அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிலை, அடிச்ச பிறகு ஒரு நிலை. மெஷின்தான் கோளாறுன்னு முதல்ல நினைச்சோம். மேல இருக்கறவங்க, காசு குடுத்துத் தூங்கறவன் சும்மா நிக்கறதையா கத்துக்குவான், வெட்டி எறின்னாங்க. வெட்டினது நான்தானுங்க."

"சும்மா நிக்கதுதானே. வெட்டினா என்ன?"

"நானும் அப்படித்தானுங்க நினைச்சேன். வெட்டறப்ப ஒரு தடவை பெருசாக்கிப் பாத்தேன். வெளிய அவரு ஆடறதில்லை, அசையறதில்லை. உள்ள அடி முழுசா ஓடுது. தோள்ல கெளம்புது, மணிக்கட்டு வரைக்கும் வருது, அங்க நின்னு திரும்பிப் போயிருது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு அடியை அடிச்சு முடிச்சு, வேண்டாம்னு விட்டுடறாருங்க. அவருகிட்டயே கேட்டேன். 'அடிக்கது கை. வேண்டாம்னு சொல்லுகது நான்'னு சிரிச்சாரு. நாங்க அந்த நானை வெட்டிட்டு மீதியை வித்துட்டோம்ங்க."

பெனிலா தலைமாட்டில் கிடந்த நெற்றிப்பட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முழுப் பதிவு எங்கிட்ட இருக்குது. அழிக்கச் சொன்னாங்க, மனசு வரலை. அனுப்பட்டுங்களா? ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அதை ஏத்தினீங்கன்னா இப்ப இருக்கற வேகம் போயிரும்."

நகம் அளவு சில்லு ஒன்று தபாலில் வந்தது. பெனிலா அதைப் பர்ஸுக்குள் போட்டு வைத்தாள், பட்டையில் ஏற்றவில்லை. வேகம் போய்விட்டால் ரெதீஷை எப்படி அடிப்பது? அண்ணனைச் சாய்த்தது அண்ணனுடைய அடியேதான் என்று தெரிந்த பிறகு அவள் கோபம் குறையவில்லை, நேர் வழி கிடைத்த மாதிரி அது இன்னும் விறுவிறுத்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். இங்கே அண்ணனே அடியாக அவள் கைக்குள் இருக்கிறான். அவன் கையாலேயே அவனுக்கு நியாயம் வாங்குவது என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

ரப்பர்த் தோட்டத்துக்குள் போனபோது விடிந்து வெகு நேரம் ஆகியும் மூடுபனி இறங்கிப் படுத்திருந்தது. மரங்கள் வரிசை வரிசையாக வந்து, கிட்டே போனதும் சிரட்டையில் சொட்டுகிற வெள்ளைப் பாலைக் காட்டிவிட்டுப் பின்னால் போயின. பெனிலாவுக்கு விழித்திருக்கிறோமா பட்டையோடு படுத்திருக்கிறோமா என்று ஒரு சந்தேகம் வந்து போயிற்று. தரை மட்டும் அதே செம்மண்.

ஓட்டு வீட்டு முற்றத்தில், பலா மரக் கிளையில் தொட்டில் தொங்கியது. அதன் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தான் ரெதீஷ். கைகள் இரண்டையும் மடியில் வைத்து ஈரத் தோர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். எழுந்திருக்கவில்லை.

"அடிக்க வந்தியளா?" என்றான். "அடிங்க. நான் தடுக்கப்பிடாதுன்னுதான் பாக்குதேன். ஆனா முன்னால நின்னு அடிங்க. பின்னால போயிராதிங்க. பின்னால யாரு நின்னாலும் எனக்க கை எனக்க பேச்சக் கேக்காது."

இப்படி ஒரு வரவேற்பை அவள் எதிர்பார்க்கவில்லை. "கையை என்னத்துக்குக் கெட்டி வச்சிருக்க?" என்றாள்.

"கொச்சு தவழத் தொடங்கியாச்சு. பின்னால வந்து முதுகுல சாஞ்சா?" அவன் தொட்டிலைப் பார்த்தான். "பிறந்ததுலேர்ந்து நான் தூக்கினதில்ல. எனக்க பெண்டாட்டி ஷீபாதான் தூக்குகா, அவதான் பால் வெட்டப் போறா. நான் காலால ஆட்டுகேன். பட்டைய அன்னைக்கே அடுப்புல போட்டேன். படிச்சது போக மாட்டேங்குது."

"கோர்ட்டுல கை அடிச்சுதுன்னு சொன்னியே. வக்கீலு சொல்லித் தந்தானா?"

"இல்ல. அது ஒண்ணுதான் நான் யோசிக்காம சொன்னது. நம்பாதிங்க. எனக்கே நம்ப முடியல்ல."

பெனிலா நின்றாள். பிடரி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டிலுக்குள்ளிருந்து குழந்தை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இத்தனை மாதம் அரைத் தூக்கத்தில் வளர்த்த கோபம், கட்டிய கையைப் பார்த்ததும் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தது. அடிக்காவிட்டால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? அடித்தால் இந்தத் தொட்டிலுக்கு என்ன பதில் சொல்வது?

"யாரு இது?" என்று ஒரு குரல். கூடவே தோளில் ஒரு கை.

பால் வாளியோடு தோட்டத்திலிருந்து வந்த ஷீபா. பாவம், மூடுபனியில் நீல நூலைக் கவனிக்காமல், வீட்டுக்கு வந்தவளை முன்பெல்லாம் கூப்பிடுகிற மாதிரித் தொட்டுவிட்டாள்.

பெனிலா திரும்பவில்லை. பெனிலாவின் உடம்பு திரும்பியது. இடது கால் சுவடு எடுத்தது, முழங்கால் பிடித்து விட்டது, கை அந்தப் பெண்ணின் பிடரிக்கு இறங்கியது. ஐயோ என்று நினைக்கக்கூட நேரமில்லை. கை இறங்கிக்கொண்டே இருந்தது.

தோர்த்து கிழிகிற சத்தம் கேட்டது. அடி ஷீபாவைத் தொடுவதற்கு முன்னால் ரெதீஷின் முன்கை குறுக்கே வந்து வாங்கியது. ஷீபா வாளியைப் போட்டுவிட்டுத் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். சிந்திய பால் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வதற்கில்லை. ஒரே உடம்பை இரண்டு பேர் போட்டுக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். அவள் அடித்த இடத்தில் அவன் தடுப்பு ஏற்கெனவே இருந்தது, அவன் பிடித்த இடத்திலிருந்து அவள் கை ஏற்கெனவே போயிருந்தது. இரண்டு பேருடைய இடது முழங்காலும் ஒரே நேரத்தில் பிடித்து விட்டன. மூடுபனிக்குள் கண்ணாடியைப் பார்த்து ஆடுவது போலிருந்தது.

"நிறுத்துங்க!" என்றான் ரெதீஷ்.

"நீ நிறுத்து!" என்றாள் பெனிலா.

இரண்டு பேருக்குமே நிறுத்தத்தான் ஆசை. நிறுத்துகிற இடத்தைத்தான் கோயம்புத்தூரில் வெட்டி எறிந்திருந்தார்களே! அடியின் வாலில் தடுப்பும் தடுப்பின் வாலில் அடியுமாக அது சுற்றிக்கொண்டே இருந்தது. யாருக்காவது களைப்பு வந்து ஒரு தடுப்பு பிந்தினால் அந்த இடத்தில் ஓர் ஆள் சஜினாகிவிடுவான். பெனிலாவுக்கு மூச்சு வாங்கியது. தனக்குத்தான் முதலில் பிந்தும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆட்டத்தின் ஒரு சுற்று முடிந்தது. இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் இடுப்பில் துடைத்துக்கொண்டன.

அந்தத் துடைப்பில் அவளுக்கு வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. கனவில் வந்த உடம்பு இல்லை, அவள் கண்ணால் பார்த்த அண்ணன். ஈரத் துணி காயப் போட அவள் மாடிக்கு ஏறும்போதெல்லாம் அவன் அங்கே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பான். கையைத் துடைத்துக்கொள்வான், ஒரு காலைத் தூக்குவான், நிற்பான். துணியெல்லாம் காயப் போட்டு முடிந்தும் நின்றுகொண்டேயிருப்பான். "என்னண்ணே கொக்கு, மீனு கெடச்சுதா?" என்பாள் பெனிலா. சிரிக்கவும் மாட்டான், அசையவும் மாட்டான். அவனைச் சிரிக்க வைப்பதற்காகவே அவளும் எதிரே ஒற்றைக் காலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கொக்கு மாதிரி நின்று பழிப்புக் காட்டுவாள். வருஷக்கணக்கில் காட்டினாள். முழித்திருந்து அண்ணனிடம் அவள் படித்தது அது ஒன்றுதான்.

பெனிலா ஒரு காலைத் தூக்கினாள். கழுத்தை நீட்டினாள்.

உடம்புக்குள் அடுத்த அடி கிளம்பிவிட்டிருந்தது. தோளிலிருந்து இறங்கி வந்தது. முழங்கையைத் தாண்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கொக்காக நின்றாள். மணிக்கட்டு வரை வந்த அடி, போக வழியில்லாமல் நின்றது, நடுங்கியது, பிறகு வந்த வழியே மெல்லத் திரும்பிப் போயிற்று.

ரெதீஷின் கை அவள் காதோரம் வந்து காற்றில் நின்றது. எதிரே அடி இல்லாததால் அவன் உடம்புக்கு அடுத்தது தெரியவில்லை. அவனும் தடுமாறி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, ஒரு காலைத் தூக்கினான். பலா மரத்தடியில் இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒற்றைக் காலில் நின்றார்கள். வீட்டுக்குள் குழந்தை அழுதது. மூடுபனி மேலே ஏறத் தொடங்கி, மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பிறகு பெனிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவிடுக்கில் நின்ற ஷீபாவைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா, நான் அடிக்கணும்னு நெனைக்கல்ல, கை..." என்று தொடங்கியவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிந்திய பாலையே ரெதீஷ் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பர்ஸைத் திறந்து சில்லையும் பட்டையையும் எடுத்து, முன்பக்கமாகப் போய், அவன் எதிரே வைத்தாள்.

"நீயும் நானும் படிச்சது எனக்க அண்ணனுக்க அடிய. இது வெட்டாத பதிவு. எனக்க அண்ணன் நின்னது எல்லாம் இதுல இருக்கு" என்றாள். "பட்டைய எரிச்சாச்சுன்னு சொன்னியே, எனக்கத வச்சுக்க. ரெண்டு வாரம் உறங்கிட்டுத் திருப்பித் தா. எனக்கும் உறங்கணும்."

முழுப் பதிவின் கனவு வேறு மாதிரி இருந்தது. அதே செம்மண், அதே நல்லெண்ணெய். ஆனால் அதில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்கவில்லை. கூரை இடுக்கு வெயில் தரையில் ஊர்ந்து வந்து கால் விரலைத் தொட்டது. ஓர் எறும்பு கணுக்காலில் ஏறி இறங்கிப் போயிற்று. எங்கேயோ மீன்காரி கூவினாள், அது கனவின் மீன்காரியா தெருவின் மீன்காரியா என்று தெரியவில்லை. அந்த அகலமான முதுகுக்குள் அடி ஒன்று எழுந்து, வந்து, அடங்கியது. அடங்கின இடத்தில் ஒரு குளிர்ச்சி பரவியது. எதிரே நின்றவனுக்கு இப்போது முகம் இருந்தது. யாரோ சாதாரண ஆள், வேர்த்து, பயந்து, அடி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் அண்ணன் இவ்வளவு காலம் களரிக்குப் போனானா என்று நினைத்தபடி பெனிலா விழித்தாள். சுவர்கள் தள்ளி நிற்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெதீஷ் வந்தான். தோளில் குழந்தை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள், ஆனாலும் சாயா போட்டாள்.

ரெதீஷ் சஜினின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை, பேசினாலும் அங்கே போய்ச் சேராது. கையைக் கூப்பினான். குழந்தையைத் தரையில் விட்டான். அது கதவைப் பார்த்து வேகமாகத் தவழவும், அதைப் பிடிப்பதற்காக நாற்காலிக்கு முதுகைக் காட்டிக் குந்தினான்.

சஜினின் இடது கை நாற்காலியை விட்டு எழுந்தது. நடுங்கி நடுங்கிக் காற்றில் வந்தது. பெனிலா பார்த்துவிட்டாள். "அண்ணே, வேண்டாம்" என்பதற்குள் அந்தக் கை பின்னாலிருந்து ரெதீஷின் தோளைத் தொட்டது.

ரெதீஷின் முதுகு விறைத்தது. வலது தோள் ஏறியது. முழங்கையில் நரம்பு புடைத்தது. அடுக்களை வாசலில் அம்மா சாயாத் தம்ளரோடு அப்படியே நின்றாள். அவன் கை மணிக்கட்டு வரை வந்து, அங்கேயே நின்றது. வெகு நேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு மெல்ல இறங்கி, உள்ளங்கையை இடுப்பில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டது.

சஜின் சிரித்தான். அந்தப் பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிய, குழந்தை மாதிரிச் சிரித்தான். இடது உள்ளங்கையை நாற்காலிக் கையில் இரண்டு தரம் துடைத்தான். ரெதீஷின் கையைக் காட்டினான், முழங்காலைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

முன்பின் தெரியாத ஆளோட தோளை எதுக்குத் தொட்டார் என்று கோர்ட்டில் கேட்டார்களே, அதற்குப் பதில் பெனிலாவுக்கு அப்போதுதான் கிடைத்தது. காலை நேரத்துக் கூட்டத்தில் தன்னுடைய முழங்காலோடு, தன்னுடைய கைத் துடைப்போடு முன்னால் நடந்து போகிற ஒருவனைக் கண்டிருக்கிறான் அண்ணன். ஆச்சரியப்பட்டிருக்கிறான். தம்பி, நீ யாருடே என்று கேட்பதற்குத் தொட்டிருக்கிறான்.

அவள் அதை ரெதீஷிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். குழந்தை தவழ்ந்து வந்து அவன் முதுகில் சாய்ந்து எழுந்து நின்றது. அவன் கை அசையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிச் சஜினின் மடியில் வைத்தான். பிறகு நாற்காலிக்கு முதுகைக் காட்டி மறுபடியும் குந்தினான்.

"இன்னொருக்கா தொடுங்கண்ணே" என்றான்.